அப்பாவைப் பஸ் ஏற்றிய ஜெபம்

ஆண்டவர் செய்த நன்மையைச் சபையில் சாட்சி சொல்ல யாராவது எழுந்து நின்றால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். காரணம், என்னைப் பற்றிய சாட்சி ஒன்றைச் சபையில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சொன்னவர் என் அப்பா. அதைத் திரும்ப வாங்க வழி தெரியாமல்தான் அவ்வளவு களைத்துப் போனேன். இப்போது நானே உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் களக்காடு பக்கம். அப்பாவுக்கு வாழை இலைக்கட்டு வியாபாரம். நான் வாலிபால் ஆடுகிறவள். உயரம் போதாது என்பதால் லிபரோ. வலையோரம் எகிறி அடிக்கிற வேலை லிபரோவுக்குக் கிடையாது. பின்னால் நின்று, எதிரணி அடிக்கிற பந்து தரையில் விழாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். அணியில் அவளுக்கு மட்டும் வேறு நிறச் சட்டை. முட்டி சிராய்க்காத நாளே இருக்காது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கணக்குப் பாடமும் அதே அளவுக்குப் பிடித்திருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று கோயம்புத்தூரில், பேர் பெற்ற அணி. மற்றது பாளையங்கோட்டையில், அணி சுமார். எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, கோயம்புத்தூர்ல ஏற்கெனவே ரெண்டு லிபரோ இருக்காங்க. அங்க போனா இவ பெஞ்சுலதான் உக்காரணும். பாளையங்கோட்டைன்னா ஆடவும் செய்வா, படிக்கவும் செய்வா."

அப்பா சிரித்தார். "பெரிய எடத்துல பெஞ்சுல உக்காந்தாலும் பெருமைதான டீச்சர்?"

நானும் தலையாட்டினேன். அந்தக் கல்லூரியின் பேர் போட்ட டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடக்கிற ஆசை எனக்கும் இருந்தது.

கல்லூரி திறப்பதற்கு முன் எங்கள் சபையில் அசனப் பண்டிகை வந்தது. ஊரே பந்தியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற நாள். இலையெல்லாம் அப்பா கொடுப்பதுதான். ஆராதனை முடிந்ததும் அப்பா போய் மைக்கை வாங்கினார். "என் மகளுக்கு ஆண்டவர் கோயம்புத்தூர்ல எடம் குடுத்துட்டாரு. இனி அவ இந்தியாவுக்கே ஆடுவா. நீங்கதான் ஜெபிச்சுக்கிடணும்" என்றார். அன்று முதல் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் என் பேர் தவறாமல் வந்தது. சாட்சி சொன்ன பிறகு பின்வாங்கினால் ஆண்டவருக்கே கெட்ட பேர் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

கோயம்புத்தூரில் விடியுமுன்னே பயிற்சி தொடங்கிவிடும். குளித்துவிட்டு வகுப்புக்குப் போனால் முதல் பாடம் முடிந்திருக்கும். இரண்டாவது பாடத்தில் தூக்கம் சொக்கும். மதியத்துக்கு மேல் மறுபடி மைதானம். போட்டி என்றால் வாரக்கணக்கில் வெளியூர். வருகைப் பதிவில் ஓ.டி., அதாவது கல்லூரி வேலையாகப் போனதாகக் குறித்துக் கொடுத்துவிடுவார்கள், பாடத்துக்கு யார் ஓ.டி. கொடுப்பது? முதல் செமஸ்டரில் எனக்கு அரியர் விழுந்தது. அதுவும் கணக்கில்!

சரி, ஆட்டமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. டீச்சர் சொன்னபடியே பெஞ்சுதான். பந்துப் பையைத் தூக்கினேன், தண்ணீர் பாட்டில் நிரப்பினேன், மற்றவர்களுக்குப் பந்து போட்டுக் கொடுத்தேன். ஆடாமல் இருப்பதற்கு இவ்வளவு உழைப்பா என்று சில நாள் சிரிப்பாகக்கூட வரும். பயிற்சியாளர் கெட்டவர் இல்லை. அந்த இரண்டு அக்காக்களும் என்னைவிட நன்றாகவே ஆடினார்கள். யார்மீதும் பழி போட முடியாத கஷ்டம் இருக்கிறதே, அது ஆளை மெதுவாக அரைத்துவிடும்.

அம்மா போனில் கேட்பார்கள். "சபையே உனக்காக ஜெபிக்குது. ஆடுனியா மக்ளே?"

"நல்லா இருக்கேம்மா" என்பேன். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இருக்காது.

முதலில் நானும், ஒரு செட்டாவது ஆட விடும் என்றுதான் ஜெபித்தேன். அப்புறம் அதற்கும் தெம்பில்லை. ஒரு நாள் மைதானத்து ஓரத்தில், தண்ணீர்க் குழாயடியில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே ஜெபம் வந்தது. "ஆண்டவரே, எங்க ஊரே உம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. நான் வேறொன்றைக் கேட்கிறேன். அவர்கள் பெரிய கூட்டம், நான் ஒருத்தி. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அதை என் வாயால் அப்பாவிடம் சொல்ல முடியாது. அப்பாவே என்னை வா என்று கூப்பிட வேண்டும்." அழுகைகூட வரவில்லை. பாட்டில் நிரம்பி வழிந்தது. மூடியைத் திருகிக்கொண்டு நடந்தேன்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் மைதானத்திலேயே ஒரு போட்டி. பந்துப் பையோடு வெளியே வருகிறேன், படிக்கட்டில் வேட்டி சட்டையோடு, மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். அதற்குமுன் ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை. வருவதாகச் சொல்லவும் இல்லை. ஆட்டம் முடியும்வரை பார்த்தார். அவர் பார்த்தது ஆட்டத்தை இல்லை, என்னை. எனக்கு முதுகு கூசியது.

பிறகு வெளியே டீக்கடைக்குப் போனோம்.

"டிராக் சூட்டக் கழத்தவே இல்லியே ட்டி?"

"இன்னைக்கு என்னைய ஆட எறக்கலப்பா."

"நேத்து?"

நான் டீயை ஆற்றினேன்.

"சரி, கணக்குல இப்ப என்ன நடத்துதாங்க?"

டீயை மறுபடி ஆற்றினேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அப்பா டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமக் கூட்டத்துல உனக்காக என்னைய ஜெபிக்கச் சொன்னாங்க. எந்திச்சு நின்னேன். உம் பேரச் சொல்லுதேன், அதுக்கு மேல வாய் வரல. நெஞ்சப் பிசையுது. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டே இருக்காங்க. மறுநா வெட்டுன இலைய சித்தப்பாட்ட விட்டுட்டு ராத்திரி பஸ் ஏறிட்டேன்." கிளாஸைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு வந்துருதியாட்டி?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

"சாட்சி சொல்லிட்டீங்களேப்பா."

"சொன்னது நான்தான? அத நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு வருஷம் போனது போனதுதான். பாளையங்கோட்டையில் மறுபடி முதல் வருஷத்தில் சேர்ந்தேன். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். முதல் நாள் உடற்கல்வி மேடம் என் வகுப்பு நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் பயிற்சி நேரத்தைச் சொன்னார். வேறு நிறச் சட்டை மறுபடி என் கைக்கு வந்தது.

அடுத்த அசனம் வந்தது. அப்பா எழுந்தார். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். "போன தடவ இதே எடத்துல நின்னு ஸ்தோத்திரம் சொன்னேன். அவசரப்பட்டுட்டேன். பிள்ள அங்க ஆடவும் இல்ல, படிக்கவும் இல்ல. போய்க் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். அதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லணும்ல, அதான் வந்தேன்." அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினார். பின்வரிசையிலிருந்து செல்வி பெரியம்மா சத்தமாக ஆமென் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்துகிறவர்கள் அவர்கள்தான்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு கேட்டார்கள். "ஏட்டி, இத்தன நாளா நாங்க தப்பாவா ஜெபிச்சிட்டோம்?"

"இல்ல பெரியம்மா. நீங்க ஜெபிக்கச் சொன்ன எடத்துலதான அப்பாவுக்கு வாய் அடைச்சிது" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது விளங்கியது. ஊர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று நினைத்தது என் அறியாமை. ஆண்டவர் இரண்டையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போதும் களைப்புதான், பொய் சொல்ல மாட்டேன். காலையில் மைதானம், பகலில் வகுப்பு, சாயங்காலம் மறுபடி மைதானம். எங்கள் அணி ஜெயிப்பதைவிடத் தோற்பதுதான் அதிகம். ஆனால் முட்டி சிராய்த்திருக்கிறது. இந்த வாரம் கணக்கில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியும்.

உங்கள் வீட்டிலும் வெளியூருக்குப் போன பிள்ளை இருக்கும். நன்றாக இருக்கிறேன் என்று போனில் சொல்லும். அதற்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டீர்களா? சொன்ன பிறகும் ஜெபியுங்கள், அதில் தப்பில்லை. அந்தப் பிள்ளையே இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உன் வாயால் வீட்டில் சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்லிவிடு. குழாயடியில் நின்றுகொண்டு சொன்னாலும் போதும். என் அப்பாவைப் பஸ் ஏற்றியவர் உன் வீட்டிலும் ஒருவரை ஏற்றுவார்.