நாய்க்கு வாங்கிய துப்பாக்கி

துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். துப்பாக்கி என்ன செய்யும் பாவம், அது வெறும் இரும்பும் மரமும். என் கோபமெல்லாம் அதை வாங்கியவர் மேல், அதாவது என் பெரியப்பாவின் மேல். அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன், வரமாட்டேன் என்கிறது.

வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகிற வழியில் எங்கள் தோட்டம். ஒரே வாசலில் இரண்டு வீடு. ஒன்று பெரியப்பாவினுடையது, மற்றது எங்களுடையது. பெரியப்பா திருப்பூரில் நிட்டிங் மெஷின் போட்டிருந்தார். காலையில் காரில் போய் இருட்டியதும் வருவார். அப்பா அதே ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலைக்குக் கம்பெனி வேனில் போவார். அண்ணன் காரில் தம்பிக்கு ஏன் இடமில்லை என்று நான் ஒரு தடவை கேட்டு, வாயிலேயே ஒன்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கொறங்காடு. கிளுவை முள்வேலி போட்டு, உள்ளே புல் வளரவிட்டு, ஆடு மேய்ப்பதற்கென்றே வைத்திருக்கும் காடு அது. இரண்டு வீட்டுக்கும் பொது, பாகம் பிரிக்கவில்லை. அதில் மேய்ந்தவை அம்மாவின் செம்மறிகள். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் ஓட்டிவிட்ட சில மறிகளை வைத்து அம்மா உண்டாக்கிய பட்டி அது. என் பள்ளிக்கூடச் செலவு, நோம்பி பண்டிகைத் துணி, அம்மாவின் காதில் கிடந்த தோடு எல்லாம் அந்த ஆட்டிலிருந்து வந்தவை. யார் முன்னாலும் கை நீட்டாமல் அம்மா நிமிர்ந்து நின்றதும் அதனால்தான்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் நாய்த் தொல்லை ஆரம்பித்தது. ரோட்டோரக் கறிக்கடைக்காரர்கள் கோழிக்குடலையும் இறகையும் மூட்டை கட்டி ஓடையில் கொட்டினார்கள். அதைத் தின்று தின்று தெருநாய்கள் கன்றுக்குட்டி கணக்காக வளர்ந்தன. கோழி கிடைக்காத நாளில் அவை பட்டி தாண்டின. ஒரு விடிகாலையில் அம்மா போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். சினை ஆடுகள் கழுத்து கிழிந்து கிடந்தன. அம்மா அழவில்லை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் கை வைத்துக் குட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கே அம்மா அப்பாவிடம் தெளிவாகச் சொன்னாள்: "பட்டியச் சுத்தி ஆளு ஒசரத்துக்குக் கம்பி வலை போட்டுட்டாப் போதுங்க. ஒரு நாயும் தாண்டாதுங்க."

அப்பா அதைப் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னார். அண்ணனைக் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க மாட்டார் அப்பா. பெரியப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வலை என்னடா வலை, கோழிக்கூண்டா கட்டப் போறோம்? ஒரு துப்பாக்கி வாங்கிரலாம். துப்பாக்கி இருக்குதுன்னு தெரிஞ்சாலே நாயி இந்தப் பக்கம் தலை வெக்காது" என்றார். நாய்களுக்கு அந்தத் தகவலை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கால்நடைப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போனது. செத்த ஆடுகளை வரிசையாகக் கிடத்தி, பெரியப்பா சலவை வேட்டியுடன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அம்மாவிடம், "நீ சித்தெ அக்கட்டால நில்லு" என்றார். அம்மா தள்ளி நின்றாள். மனுவில் அவை பெரியப்பாவின் ஆடுகளாகிவிட்டன. ஒரு நாளாவது அந்தப் பட்டியில் சாணி அள்ளியிருப்பாரா அந்த மனுஷன்?

லைசென்சுக்குக் காத்திருந்த சமயத்தில்தான் கனடா மாமாவின் போன் வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அங்கே ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போன் போடுவார், ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்போம். அவரும் அப்போது ஒரு ரைபிள் வாங்க இருந்தார். அங்கே பக்கத்துப் பண்ணைக்காரரோடு சேர்ந்து நரி மாதிரி ஒரு பிராணியை விரட்டப் போவாராம். விஷயம் தெரிந்ததும் பெரியப்பா போனைவிட்டு நகரவில்லை.

மாமா விளக்கினார்: "இங்க துப்பாக்கிய மூணாப் பிரிச்சு வெச்சிருக்காங்க மச்சான். ஒண்ணு, லைசென்ஸ் இருந்தா வாங்கிக்கலாம். இன்னொண்ணு வாங்கலாம், ஆனா வெளிய எடுத்துட்டுப் போறதுக்கே தனி உத்தரவு வேணும். மூணாவது நம்மளாட்டம் ஆளுக கனவுலகூட நெனைக்கக் கூடாது. செமி ஆட்டோமேட்டிக்னா இன்னும் பாத்து எடுக்கோணும். குழாய் நீளம் கொஞ்சம் கொறைஞ்சாலும் ரெண்டாவது வகைக்குப் போயிரும். சிலதப் பேரச் சொல்லியே தடை பண்ணிட்டாங்க. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்கும்; ஒண்ணு ஆகும், ஒண்ணு ஆகாது."

பெரியப்பாவுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் காதில் ஏறியது. "செமி ஆட்டோமேட்டிக்னா என்ன மாப்ளே?"

"ஒருக்கா சுட்டதும் அடுத்த குண்டு தானா ஏறிக்கும். நாம மறுபடி அழுத்துனாப் போதும்."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். சாமி வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

மாமா இன்னொன்றும் சொன்னார். லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவர் மனைவியையும் விசாரித்தார்களாம், துப்பாக்கி வீட்டுக்கு வருவதில் உனக்குச் சம்மதமா, பயம் ஏதும் உண்டா என்று. பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பொம்பளைகிட்டக் கேட்டாங்களா? வெளங்குன மாதிரித்தான்!" அப்பாவும் சிரித்தார். அண்ணன் சிரித்தால் அவரும் சிரித்துவிடுவார்.

கதவோரம் நின்றிருந்த அம்மா குரலை உயர்த்தினாள். "ஏன் தம்பி, அங்க ஆடு வெச்சிருக்கறவங்க என்ன பண்றாங்க?"

"வேலிதானுங்கக்கா. நல்ல ஒசரமான கம்பி வேலி. துப்பாக்கியெல்லாம் கடைசிக்கு."

"செரி மாப்ளே, உனக்குப் பில்லு ஏறும், வெச்சிரு" என்று பெரியப்பா போனை வைத்துவிட்டார். அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். கனடாவிலிருந்து வந்த பதிலுக்கே இந்தக் கதி என்றால், கொறங்காட்டிலிருந்து சொன்னவள் பேச்சு எங்கே எடுபடும்?

லைசென்ஸ் வந்தது. துப்பாக்கி எடுக்கக் கோயமுத்தூர் போனோம். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போவதுபோல் காரில் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, நான். அம்மாவைக் கூப்பிடவில்லை, ஆட்டை யார் பார்ப்பது? கடைக்காரர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லைசென்சைப் படித்தார். பெரியப்பா ஸ்டைலாக, "செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் காட்டுங்க" என்றார்.

"இந்த லைசென்சுக்கு அது வராதுங்க. இங்க அதெல்லாம் பட்டாளத்துக்காரங்களுக்குத்தான். எதுக்குங்க உங்களுக்கு?"

"நாய்க்கு."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நாயச் சுட்டாக் கேசு ஆயிருமுங்க. மேல பாத்து வெடிச்சாச் சத்தத்துக்கே ஓடிரும். அதுக்கு ஒத்தக்குழல் போதும், லேசா இருக்கும், யாரு வேணா தூக்கலாம். காட்டுல யாரு இருக்கறாங்களோ அவங்க பேரையும் லைசென்ஸ்ல சேத்திக்குங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். "எங்கம்மாதானுங்க காட்டுல இருப்பாங்க, அவங்க பேரச் சேத்துங்க" என்று கத்தினேன். பெரியப்பா சிரித்தார், பெரியம்மா சிரித்தார், அப்பா வழக்கம்போலச் சிரித்தார். "உங்கம்மா துப்பாக்கி தூக்குனா நாயி ஓடாது கண்ணு, ஊரே ஓடிரும்" என்றார் பெரியப்பா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

பெரியப்பா எடுத்தது இரட்டைக்குழல். கட்டையில் பூவேலைப்பாடு, பளபளப்பு, என்னால் அசைக்கக்கூட முடியாத கனம். வலைக்கென்று அப்பா எடுத்து வைத்திருந்த பணமும் அதோடு போனது. வீட்டுக்கு வந்ததும் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, குலதெய்வம் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை. அப்புறம் ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் கெடா விருந்து. கெடா யாருடையது? அம்மாவினுடையதுதான்! நாய் விட்டுவைத்ததிலேயே நல்ல கெடாவாகப் பார்த்துப் பிடித்துப் போனார்கள். ஆட்டைக் காப்பாற்ற வாங்கிய துப்பாக்கிக்கு ஆட்டை வெட்டி விருந்து வைத்த கூத்தை வேறு எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அம்மா அன்று விருந்துக்கு இலை போட்டாள், பரிமாறினாள். கறியை வாயில் வைக்கவில்லை.

துப்பாக்கி பெரியப்பா வீட்டு பீரோவுக்குள் போனது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுவார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

ஒரு சனிக்கிழமை, நல்ல உச்சி வெயில் நேரம். வேலி இற்றுப்போன ஒரு சந்தில் நாய்கள் கூட்டமாகக் கொறங்காட்டுக்குள் புகுந்தன. அம்மா தனியாக உள்ளே இருந்தாள். தொரட்டுக்கோலைச் சுழற்றிக்கொண்டு, "ஓடு கண்ணு, ஆரையாச்சும் கூட்டிட்டு வா" என்று கத்தினாள். நான் பெரியம்மாவிடம் ஓடினேன். "பெரிம்மா, நாயி வந்துருச்சு, துப்பாக்கி குடுங்க!"

பெரியம்மா கையைப் பிசைந்தார். "சாவி அவருகிட்ட இருக்குதே கண்ணு. இருந்தாலும் நானெப்படிக் குடுக்கறது? பொம்பளைக தொட்டா லைசென்சே போயிருமாமா."

நான் பீரோவை ஓங்கி உதைத்தேன். அது அசையவில்லை, என் கால்தான் வீங்கியது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் தடியோடு ஓடிவருவதற்குள் பாதி ஆடு போய்விட்டது. அம்மாவின் கையிலும் கெண்டைக்காலிலும் கடி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதும் அம்மா மிச்சமிருந்த குட்டிகளைப் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். பீரோவைத் திறந்தார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்து இரண்டு வெடி வெடித்தார். நாய்கள் போய் எத்தனையோ நேரம் ஆகியிருந்தது. பிழைத்துக் கிடந்த ஆடுகள் மிரண்டுபோய்ப் படலில் முட்டிக்கொண்டன. ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஆனாலும் சத்தம் அம்சமா இருக்குதுங்" என்றார்கள். எனக்கு அந்த வாசலையே கொளுத்திவிடலாம்போல இருந்தது.

அத்தோடு விட்டாரா மனுஷன்? இரட்டைக்குழல் போதவில்லை, ரைபிள் வேண்டும் என்று இன்னொரு மனு எழுதினார். காரணம், அம்மாவின் கடி! விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வந்தார், கூடவே ஊர் மணியகாரர். நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கடிபட்ட இடத்தில் போட்டிருந்த கட்டைக் காட்டுவதற்காக அம்மாவை வாசலுக்கு அழைத்தார் பெரியப்பா.

ஆய்வாளர் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஊட்டுல துப்பாக்கி இருந்துமா இப்படிக் கடிச்சுது?"

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அம்மா பேசிவிட்டாள், எப்போதும் பேசுகிற அதே பணிவில்.

"துப்பாக்கி பீரோவுல இருந்துச்சுங்க. சாவி திருப்பூர்ல இருந்துச்சுங்க. நானு காட்டுல இருந்தனுங்க. நாயி காட்டுக்குத்தானுங்க வந்துச்சு."

மணியகாரருக்கு இளநீர் புரையேறியது. அம்மா நிறுத்தவில்லை. "இன்னொண்ணு குடுத்தீங்கன்னாலும் அதும் பீரோவுலதானுங்க இருக்கும். செத்ததெல்லாம் என்ற ஆடுங்க சாமி. எனக்குக் கம்பி வலை போதுமுங்க."

ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார். ரைபிள் அன்றோடு ஒழிந்தது. அப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. "ஆளுக முன்னால அண்ணன் மானத்த வாங்கிட்டியே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம், இனி வலை வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்க்கிறேன், கொறங்காட்டுப் படலைச் சங்கிலியால் சுற்றிப் புதுப் பூட்டுத் தொங்கியது. வேலிச் சந்துகளையெல்லாம் புது முள் வைத்து அடைத்திருந்தார்கள். ஆடுகள் எங்கள் வாசலில் அம்மாவைச் சுற்றி நின்றன. அம்மா வேப்பங்கொத்தை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் பையை வீசிவிட்டு ஓடிப்போய், "அம்மா, பெரியப்பா காட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டாரு! இனி நாயி உள்ள போகாதில்லம்மா?" என்றேன். அவர் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டார் என்று அன்று ஒரு நாள்தான் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். "போகாது கண்ணு" என்றாள். "கைகால் கழுவிட்டு வா, பசிக்கும்."

பொழுது சாய்கிற நேரத்தில் ஆட்டு வியாபாரியின் டெம்போ வந்து நின்றது. மழையில்லாத வருஷங்களில் ஆடுகளை வண்டியில் ஏற்றிப் புல் இருக்கிற ஊருக்கு மேய்ச்சலுக்குக் கொண்டுபோவது உண்டு. அப்படித்தான் போகின்றன, பத்து நாளில் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முத்தம் கொடுத்து நானே வண்டியில் ஏற்றிவிட்டேன்.