அக்கா காலில் விழுந்த நூறு வயது

பட்டாளத்தார் முத்தையா ஐயா போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் கம்பத்து பிளக்ஸ் கடையிலிருந்துதான் வந்தது. “அண்ணே, கண்ணீர் அஞ்சலியில வயசு நூத்தி ஒண்ணுன்னு போட்டுறவா?” என்று கேட்டார் கடைக்காரர். “தொண்ணூத்தி ஏழுன்னு போடுங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஐயாவின் வயதுக்காக நம் முன்னாள் படைவீரர் சங்கத்தில் நான் போட்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. பர்மா சண்டைக்குப் போய் வந்தவர். போன வருஷம் பட்டாளத்து ரெக்கார்டுப்படி அவருக்கு நூறு. “நூறு வயசுக்காரரு சுருளி அருவி வரைக்கும் நடப்பாராக்கும்?” என்று உங்களில் சிலர் முணுமுணுத்தீர்கள். ரெக்கார்டைவிட உங்கள் கண் பெரிதா என்று செயலாளராகிய நான் எகிறினேன். மண்டபம் பிடித்து விழாவும் எடுத்தேன்.

வந்தவர்கள் வரிசையாக அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். தேவாரத்திலிருந்து அவரோடு பிறந்த வெள்ளையம்மாள் வந்திருந்தார். அவருக்கு வயது தொண்ணூற்றெட்டு என்றார்கள். “அடுத்து ஐயாவோட தங்கச்சி ஆசி வாங்குவாக” என்று மைக்கில் அறிவித்த புத்திசாலி நான்தான். அந்த அம்மாள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். ஐயா பதறி எழுந்து அவரைத் தாங்கி நிறுத்தினார். பிறகு, மார்பில் மெடல்கள் குலுங்க, அந்த அம்மாள் காலில் விழுந்துவிட்டார்.

“ஏலே, எந்திரிலே. சபையில இப்படியா?” என்று அந்த அம்மாள் அதட்டினார்.

“போதும்க்கா. பொய் சொன்னவன் நான். நீ எதுக்கு என் காலுல விழுகணும்?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஐயா பதினாலு வயதில் பதினெட்டு என்று சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார். “உண்மை தெரிஞ்சா மெடலைப் பிடுங்கிருவாகன்னு பயம். அங்கன கூட நின்னு செத்தவக நெனப்புக்கு எங்கிட்ட அது ஒண்ணுதான இருக்கு” என்றார். அந்தப் பயத்தில், வெளியாட்கள் முன்னால் வெள்ளையம்மாளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. அக்காவும் தம்பிக்காக வாயைக் கட்டிக்கொண்டே வாழ்ந்திருக்கிறார். கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது.

ஐயாவின் சம்மதத்தோடு ரெக்கார்டு அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வரும்வரை மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தது: வயது திருத்தப்பட்டது, பதக்கங்கள் அவருடையவையே. படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். “அப்ப நூறுக்கு இன்னும் நாலு வருசம் கெடக்கு, செயலாளரே. மண்டபத்துக்கு இப்பவே சொல்லி வைங்க.” அந்த வாரமே தோட்டத்தில் புதிதாகத் திராட்சைக் கொடி ஊன்றினார். இப்போது அது பந்தல் ஏறிவிட்டது. கடைசி ஒரு வருஷம் அக்காவைப் பார்க்க அடிக்கடி தேவாரத்துக்கு பஸ் ஏறினார். இறங்கும்போதே பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி “ஏலே தம்பி” என்று அந்த அம்மாள் கூப்பிடுவாராம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் துணிச்சலை. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். எல்லையில் சண்டை போட்டவன் என்று நீங்கள் என்னை நினைத்திருக்கிறீர்கள். நானும் இல்லையென்று சொன்னதில்லை. பதினேழு வருஷமும் நான் பட்டாளத்து லாரிகளுக்கு ரிப்பேர் பார்த்தவன். சண்டையைக் கண்ணால் கூடக் கண்டதில்லை. அடுத்த கூட்டத்தில் என் நாற்காலியை எங்கே போடுவதென்று நீங்களே முடிவு செய்யுங்கள், நான் வருவேன்.