நாவலும் மூன்றாவது ஓலையும்

அந்த நாவலை என் கையில் திணித்தவள், அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்து சீட்டில் வேலை பார்ப்பவள். "உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்குக்கா" என்றாள். எனக்கு நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. உலகத்தில் அச்சாகும் காதல் கதை எல்லாம் எனக்காகத்தான் என்று எங்கள் ஆபீஸில் ஒரு நம்பிக்கை உண்டு.

பின்னட்டையிலேயே முழுக்கதையும் இருந்தது. சின்ன ஊர். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போன காதலன் இப்போது அங்கே பேக்கரி வைத்திருக்கிறான். அவள் ஊர் திரும்புகிறாள். இரண்டாவது வாய்ப்பு. வேறு சமயமாக இருந்தால் அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் அதே வாரம்தான் அவர் தன் தங்கையிடம் சொல்லி அனுப்பியிருந்தார், ஒரு தடவை பேச வேண்டுமாம்.

அவர் என்றால், பன்னிரண்டு வருஷம் முன்னால் எனக்கு நிச்சயம் ஆனவர். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடிவில் ஃபாதர் இரண்டு பேர் பெயரையும் படித்து, தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்பார். எங்களுக்கு இரண்டு வாரம் வாசித்தார். மூன்றாவது வாரம் நானும் அம்மாவும் கஞ்சி போட்ட புடவையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யார் யார் பெயரோ வந்தது. பிறகு ரத்ததான முகாம் அறிவிப்பு வந்தது. முந்தின நாளே அவர் ஃபாதரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டாராம். எங்களுக்குச் சொல்ல மட்டும் நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவு பேர் நடுவில் எழுந்து வெளியே நடந்தது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஆவடியில் ரயில் ஏறினால் பட்டரவாக்கம் வருவதற்குள் பத்துப் பக்கம் படிக்கலாம். கதாநாயகன் மழையில் அவள் வாசலில் நின்றுகொண்டே இருந்தான். எங்கள் பக்கம் அப்படி நின்றால் காதல் வராது, மீட்புப் படகுதான் வரும். அந்த ஊரில் ஒருவர்கூட அவளிடம் இன்னும் கல்யாணம் ஆகலையா என்று கேட்கவில்லை. நல்ல ஊர், எந்த பஸ் போகும் என்றுதான் போடவில்லை. ஆனால் அவன் எந்தப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறான் என்று நான் தேடியது உண்மை. கேட்டுவிட்டால் நானும் சரி என்று சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவன் கேட்கவே இல்லை. கேக் செய்து அதன்மேல் அவள் பெயரை எழுதிக் கொடுத்தான். அவள் அழுதாள். அங்கேயே மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா சிலை இருக்கும் கெபி பக்கத்தில் அவர் காத்திருந்தார். முடி கொட்டியிருந்தது. கல்ஃபிலிருந்து வந்துவிட்டாராம், வானகரத்தில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறாராம், மூன்றாவது மாடியாம், நல்ல காற்றாம். பழசையெல்லாம் விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றார்.

"அந்த ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"எந்த ஞாயித்துக்கிழமை?"

மறுநாள் நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். கதை ஒத்துவந்ததா என்று பக்கத்து சீட்டுக்காரி ஆவலாகக் கேட்டாள். அவன் கேக்காவது செய்தான் என்றேன்.