மயில்துத்தத்தில் ஐந்து பங்கு நீர்

1938, ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அன்றுதான் எங்கள் தென்காசிப் பள்ளிக்கு ஆய்வாளர் வந்தார். அதற்கு முன் அவர் வருகை இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. குற்றாலத்தில் அருவியும் இரண்டு முறை ஏமாற்றியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று என் நாட்குறிப்பு சொல்லவில்லை. தேதிகளை மட்டும் அடுத்தடுத்துக் குறித்து வைத்திருக்கிறது.

நான் தற்காலிக விஞ்ஞான ஆசிரியர். ஆய்வாளர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆடியில் வீட்டோடு இருக்கலாம்.

ஒரு சேர்மத்தின் வாய்பாட்டை எடைகளிலிருந்து கண்டுபிடிப்பதுதான் பாடம். 2.5 கிராம் மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, மூசை என்ற சிறு பீங்கான் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்கினேன். உள்ளிருந்த நீர் ஆவியாகிப் போக, நீலம் வெளுத்தது. ஆறியதும் நிறுத்து, போன நீரின் எடையைப் பதினெட்டாலும் மிஞ்சிய வெள்ளைப் பொடியின் எடையை நூற்றறுபதாலும் வகுத்தால், ஒரு பங்கு பொடிக்கு எத்தனை பங்கு நீர் என்று தெரிந்துவிடும்.

மூசை ஆறுவதற்குள் பியூன் ஓடிவந்தார். “ஐயா, பெரிய அருவியில தண்ணி விழுதாம்! வண்டிக்காரன் இப்பம்தான் சொல்லுதான்!”

ஆய்வாளர் எழுந்துவிட்டார். “அது பாட்டுக்கு ஆறட்டும் சார்.”

எண்ணெய்ச் சீசா தலைமையாசிரியர் அறையில் காலையிலிருந்தே தயாராக இருந்தது. காற்றின் ஈரம் புகாமல் மூசையை மூடி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தாமதித்தால் வண்டியில் இடம் கிடைக்காது என்பதும் தெரியும். இரண்டாவது அறிவே அன்று வென்றது.

குளித்து, சாப்பிட்டு, கண்ணயர்ந்து, மாலையில் திரும்பினோம். மேலகரம் தாண்டும்போதே நல்ல சாரல். வகுப்பில் பையன்கள் காத்திருந்தார்கள்; ஜன்னல் திறந்து கிடந்தது. மூசைக்குள் பழைய நீலம். நிறுத்தேன்: 2.6 கிராம். எங்களோடு மயில்துத்தமும் குளித்திருந்தது.

தலைமையாசிரியர் காதருகே வந்தார். “என்னவே முழிக்கீரு?”

“மறுபடி சூடாக்கணும் சார். ஒரு மணி நேரம் ஆகும்.”

“அவரு ரயிலுக்குப் போணும்வே. புஸ்தகத்துல எத்தனை பங்கு போட்டிருக்கு?”

“அஞ்சு.”

“பொறவு என்ன? அஞ்சு வரும்படியா நிறும்.”

கரும்பலகையில் 1.6 என்று எழுதினேன். போன நீர் 0.9. வகுத்தால் 0.01, 0.05. ஒன்றுக்கு ஐந்து.

“சார், பொடி நீலமால்லா இருக்கு?” என்றான் முன்வரிசையில் ஒருவன்.

“ஏலே, உக்காரு” என்றார் தலைமையாசிரியர்.

ஆய்வாளர் ஈரத் தலையைத் துவட்டியபடி விடையைப் பார்த்தார். “பேஷ்! தசமம்கூடப் பிசகலையே.”

மறுநாள் சனிக்கிழமை. தனியாகப் போய் அதே பொடியைச் சூடாக்கி, மூடி, ஆறவிட்டு நிறுத்தேன். சரியாக 1.6. பார்க்கத்தான் யாரும் இல்லை.

ஆடி பிறந்த வாரத்திலேயே உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தார்கள்: ‘அளவையில் துல்லியம்.’