இறங்கு என்று சொல்லக் கூடாதவன்

டவர் இல்லாத விமான ஓடுபாதையில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பவனுக்குப் பேசுவதற்குத்தான் சம்பளம். ஆனால் நாளில் பாதி நேரம் பேச ஆள் இருக்காது. ரயில்வே கேட் மூடித் திறப்பவர்கள், ஏ.டி.எம். வாசலில் காவல் இருப்பவர்கள், ஒற்றை நாற்காலி போட்ட ஏதாவது ஓர் அறையில் பொழுதைத் தள்ளுகிறவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஓடுபாதை திருவனந்தபுரத்திலிருந்து வித்துரா போகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்கள்தான் அதிகம் வரும். நகரத்துப் பெரிய விமான நிலையத்தில் டவரில் இருப்பவர் அனுமதி கொடுத்தால்தான் இறங்கலாம். இங்கே விமானியே, "இன்ன இடத்தில் இருக்கிறேன், இந்தப் பக்கமிருந்து இறங்கப் போகிறேன்" என்று ரேடியோவில் பொதுவாக அறிவித்துவிட்டு, தானே பார்த்து இறங்கிக்கொள்ள வேண்டும். காற்று எந்தப் பக்கம், பாதையில் என்ன நிற்கிறது என்பதை மட்டும் நான் சொல்லலாம். இறங்கு என்றோ இறங்காதே என்றோ சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. பாதையின் மேற்கு முனை கடல் பக்கம், கிழக்கு முனை மலைப் பக்கம்; நடுவில் ஒரு மேடு வேறு. கடல் பக்க முனைக்கு வருகிறவருக்கு மலைப் பக்கம் நிற்பது தெரியாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்கும்போது இந்தப் பக்கம் இன்னொருவர் இறங்கிவிடுவாரோ என்பதுதான் என் அன்றாடக் கவலை.

எருமை நின்ற நாள்

தூத்துக்குடி டாக்டர் ஒருவர் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிறார். மகள் திருவனந்தபுரத்தில் படிப்பதால் அடிக்கடி வருவார். ஒருநாள் அவர் நெருங்கி வரும்போது, வேலியைத் தாண்டிப் புகுந்த எருமை ஒன்று பாதையில் நின்றுகொண்டிருந்தது. "பாதையில் எருமை நிற்கிறது" என்றேன். "அப்ப இறங்கலாமா, வேண்டாமா?" என்றார். அதைத்தான் நான் சொல்லக் கூடாதே. "எருமை இன்னும் நிற்கிறது" என்றேன். அவர் மேலே வட்டமடிக்க, நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் ஹாரன் அடித்தேன். எருமை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தனக்குத் தோன்றியபோது நகர்ந்தது.

இறங்கி வந்த டாக்டர் சொன்னார்: "அண்ணாச்சி, உங்ககிட்ட கேட்டதுக்கு அந்த எருமைகிட்டயே கேட்டிருக்கலாம்."

குரலும் ஆளும்

விமானிகள் யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசுவதில்லை. "இங்கே பறக்கும் எல்லோருக்கும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த எல்லோரில் நானும் ஒருவன் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்.

பிருந்தா நகரத்தில் கரமனைப் பகுதித் தமிழ்க் குடும்பத்துப் பெண். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை, சனி ஞாயிறுகளில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். பல மாதங்களாக என் குரலைக் கேட்டுத்தான் இறங்குகிறாள். ஒருநாள் டீ கிடைக்குமா என்று என் அறைக்குள் எட்டிப் பார்த்தவள், "ரேடியோவுல பேசற சார் எங்க?" என்று என்னிடமே கேட்டாள். நான்தான் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனாலும் உள்ளே கொஞ்சம் வலித்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யோ, சாரா அது! சப்தத்தைக் கேட்டு நான் நல்ல உசரமா, மீசை வெச்ச ஆளாக்கும்னு நெனச்சுண்டிருந்தேன்."

தென்காசிக்குப் போன்

என் மனைவிக்குத் தென்காசியில் டீச்சர் வேலை. நான் கழக்கூட்டத்தில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறேன். சுற்றிலும் ஐ.டி. பிள்ளைகள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் சிரிப்பார்கள். நானும் பதிலுக்குச் சிரித்து, அது எனக்கில்லை என்று தெரிந்து வாயை மூடிக்கொள்வேன். சேர்ந்துபோன பேச்சையெல்லாம் சாயங்காலம் மனைவியிடம் கொட்டிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைப்பது. வாயைத் திறந்தால் தொழில்தான் வருகிறது. "வந்துட்டேன். மழை இல்லை. தோசை ஊத்தப் போறேன்." ஒருநாள் இப்படிச் சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில் போனை வைத்துவிட்டேன். உடனே அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏங்க, நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க, சரி. இந்தப் பக்கம் நான் ஒருத்தி இருக்கேம்லா?"

மேட்டுக்கு அந்தப் பக்கம்

பிருந்தா முதன்முதலாகத் தனியாகப் பறந்த காலை அது. காற்றே இல்லை; எந்தப் பக்கமிருந்தும் இறங்கலாம். மலைப் பக்கமிருந்து அழகாக இறங்கினாள். ஓடி வரும்போதே டயர் வெடித்து, மேட்டை எட்டும் முன்பே விமானம் நின்றுவிட்டது. அவளுடைய பயிற்சியாளர் அவளை நோக்கி ஓடினார். "பாதையில் விமானம் நிற்கிறது" என்று ரேடியோவில் அறிவித்தேன். அறிவித்துவிட்டு நிமிர்ந்தால், கடல் பக்கம் ரப்பர் மரங்களுக்கு மேலே டாக்டரின் விமானம் தாழ்வாக வந்துகொண்டிருந்தது. அவரிடமிருந்து ஒரு வார்த்தைகூட என் ரேடியோவில் வரவில்லை.

மறுபடி சொன்னேன். பதில் இல்லை. மேட்டுக்குப் பின்னால் அந்தப் பெண் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். இந்த வேலைக்கு வந்து முதல் தடவையாக, "இறங்காதீங்க டாக்டர், இறங்காதீங்க!" என்று கத்தினேன். அதுவும் அவர் காதில் விழவில்லை. ரேடியோவை அப்படியே போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினேன். விளக்குகளைப் போட்டுக்கொண்டு கடல் பக்க முனையில் பாதை நடுவே அவருக்கு நேராக ஓட்டினேன். பயத்தில் என்னென்னவோ உளறினேன், யாரைக் கூப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை. இன்ஜின் சத்தம் சட்டென்று பெரிதாகி, விமானம் ஜீப்புக்கு மேலே ஏறிப் போனது.

பிருந்தாவின் விமானத்தைத் தள்ளி ஓரங்கட்டிய பிறகுதான் டாக்டர் இறங்கினார். ரேடியோவில் அலைவரிசையை ஓர் எண் தள்ளி வைத்திருந்திருக்கிறார். முறைப்படி எல்லாவற்றையும் அறிவித்துக்கொண்டே வந்திருக்கிறார், கேட்பதற்குத்தான் அந்த அலைவரிசையில் யாரும் இல்லை. பிருந்தா இறக்கையைப் பிடித்தபடி நின்றாள். நான் ஜீப்பின் விளக்குகளை அணைத்தேன். டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாம் சொல்லிட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி. பதில் வரலன்னதும், நீங்க சாப்பிடப் போயிருப்பீங்கன்னு நெனச்சிட்டேன்."

பதில் வரவில்லை என்றால் அங்கே ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம் என்பதை, அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவன் என்ற முறையில் உறுதி செய்கிறேன்.