எதிர் ஜன்னலுக்கு ஒரு பைனாகுலர்

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு கறுப்புக் கயிறு தொங்குகிறது. அதன் முனையில் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குழல். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பைனாகுலர், கடையில் மோனாகுலர் என்பார்கள். ராயபுரத்து வீடு, ஜன்னலில் இப்படி ஒன்று தொங்குகிறது என்றால் கப்பல் பார்ப்பதற்குத்தான் என்று வருகிறவர்கள் அவர்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த ஜன்னலிலிருந்து கப்பலும் தெரியாது, கடலும் தெரியாது. சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரியும். அதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால் நானும் சொல்வதில்லை.

அது என் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்டவர். திருவொற்றியூரில் பாட்டில் கழுவி நிரப்புகிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் அங்கேதான் வேலை. அத்தை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, "என் தோஸ்து" என்றுதான் சொல்வார். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு ஜன்னலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. ஜெபமாலை சொல்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஜெபத்தைக் கெடுக்கக் கூடாது என்று டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்து வைப்போம். ஜெபமாலையில் சிரிக்கிறதுக்கு இன்னா கீது என்று அம்மா ஒருமுறை முணுமுணுத்தாள். அதோடு சரி.

அத்தைக்குக் கண்ணின் உள்திரை கெட்டுவிட்டது, இனிக் கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, நான்தான் கூடப் போயிருந்தேன். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், "எனக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் குடு" என்றார். எதற்கு என்று கேட்டேன். "கிட்டக்க பாக்கணும்." கிட்டே பார்ப்பதற்கு யாராவது பைனாகுலர் வாங்குவார்களா? பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியைத்தான் சொல்கிறார் போல என்று அதை வாங்கி வந்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப கிட்டக்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. துறைமுகத்தில் சரக்கு எடுத்துத் தரும் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள் நான். பைனாகுலர் என்றால் எனக்குத் தெரியாதா என்ற திமிரும் இருந்தது. எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று அதில் போட்டிருக்கிற எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று, கப்பல்காரர்கள் கழுத்தில் மாட்டுகிற மாதிரி கனமானதாக ஒன்றை வாங்கி வந்தேன். அத்தை அதை ஆசையோடு தூக்கி எதிர் ஜன்னல் பக்கம் திருப்பினார். சக்கரத்தை இப்படித் திருகினார், அப்படித் திருகினார். "ஒரே புகையா கீது" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் தூரத்தில் நீட்டிக்கொண்டிருந்த மாதா கோயில் கோபுரச் சிலுவை பளிச்சென்று தெரிந்தது. எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி துணியாகவே தெரியவில்லை. "தூரத்துல இன்னாடி கீது நான் பாக்க? கப்பல் வந்தா வருது, போனா போவுது" என்று கட்டிலில் வைத்துவிட்டார். அன்று அவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு பைனாகுலருக்காகவா இவ்வளவு என்று எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் அவரையே யானைக்கவுனிப் பக்கம் இருந்த கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. பெரிய பைனாகுலர் ரொம்பக் கிட்டே இருப்பதைப் பிடிக்காது, பெரிய எண் என்றால் கை நடுங்குவதும் பெரிதாகத் தெரியும், கிட்டே பார்க்கச் சின்ன எண்ணே போதும் என்று விளக்கினார். "ரெண்டு கண்ணுல பாக்கணும்னா இது. ஒரு கண்ணு போதும்னா இது, கைக்கு எட்டுற தூரத்துல இருக்கறதக்கூடப் புடிக்கும்மா" என்று அந்தக் குழலை எடுத்து வைத்தார். ஒற்றைக் கண் என்றதும் அத்தையின் முகம் சுருங்கியது. இடது கண்ணில் அதற்குள் ஒன்றுமே தெரியாமல் போயிருந்ததை எங்களிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குழலை வலது கண்ணில் வைத்து, கடைக்கு வெளியே பார்க்காமல் என் பக்கம் திருப்பினார்.

"தள்ளிப் போயி நில்லு. எதாச்சும் சொல்லு."

"என்ன சொல்ல?"

"சத்தம் வாணாம்டி. வாய மட்டும் அசை."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கடைக்காரரைப் பார்த்தேன். ஒன்றும் புரியாமல், பசிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அத்தை குழலை இறக்கிவிட்டுச் சிரித்தார். "இரு, போற வழில பஜ்ஜி துன்னுட்டுப் போலாம்" என்றார்.

பஜ்ஜிக் கடையில்தான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனியில் பாட்டில் ஓடுகிற பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் தோஸ்து. பாட்டிலோடு பாட்டில் இடிக்கிற சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே பெண்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். அந்தப் பேச்சைத்தான் இருவரும் ஜன்னலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். போனில் பேசினால் என்ன என்று கேட்டேன். "ஒரே ரூம்பு. உங்கம்மா பக்கத்துலயே உக்காந்துகினு இருக்கா. அவளப் பத்தி நான் யார்கிட்டதான் சொல்றது?" என்றார். ஒரு தடவை போன் போட்டும் பார்த்தார்களாம். குரலைக் கேட்டால் யாரோ மாதிரி இருந்ததாம், ரெண்டு பேருக்கும் பேச்சு வரவில்லையாம். கொஞ்ச நாளாகத் தோஸ்தின் முகம் வெறும் மாவுப்பிண்டமாகத் தெரிந்திருக்கிறது. அத்தை புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "அவளுக்குத் தெரிஞ்சிபோச்சி. நேத்து ஜன்னலாண்ட வரல" என்று சொல்லும்போது அத்தையின் கண் கலங்கியது.

அன்று சாயங்காலம் முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக் குழலை வைத்தார். எதிர் ஜன்னல் வெகுநேரம் காலியாக இருந்தது. பிறகு பெரியம்மா வந்தார். என்ன பேசினார்களோ, அத்தை தோள் குலுங்கச் சிரித்தார். நான் டி.வி. சத்தத்தைக் குறைத்தேன். இந்தமுறை ஜெபத்துக்காக இல்லை.

போன தவக்காலத்தில் அத்தை இறந்துபோனார். குழலைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. சாயங்காலம் ஆனால் பெரியம்மா இப்போதும் ஜன்னலில் வந்து உட்காருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்து, அத்தை செய்ததுபோலவே முழங்கையை ஊன்றிக் கண்ணில் வைத்தேன். எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. உதட்டு வெடிப்பு, முன்பல் போன சந்து, வெற்றிலைக் கறை. என்னைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சக்கரத்தைத் திருகிப் பார்த்தேன், கண்ணை மாற்றிப் பார்த்தேன். முகம் இன்னும் தெளிவானதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பொறுக்காமல் படியிறங்கி, சந்தைத் தாண்டி, அவர் வீட்டு மாடி ஏறினேன். மூச்சு வாங்க, "என்ன பெரிம்மா சொன்னீங்க?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்றார், சத்தமாக.

திரும்பி வந்து ஜன்னலில் உட்கார்ந்தேன். எதிரே மறுபடியும் உதடு அசைந்தது. நான் குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு, புரிந்த மாதிரி தலையாட்டினேன்.