காதில் கட்டிய கடல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாடகை சைக்கிளில் ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போனவன், கடலூரில் நான்கு மைக் செட்டு, இரண்டு ஜெனரேட்டர், சிதம்பரத்தில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை, கடைசியில் முதுநகரில் ஒரு டப்பிங் அறை என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டினேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை கிடந்த பழைய குடோன் அது. சுவரெல்லாம் தென்னைநார் மெத்தை அடித்து, மேலே கம்பளி இழுத்து, கதவுக்குள் கதவு வைத்தேன். வாசலில் லாரி போனாலும் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு, யார் போட்ட பிளான் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

சுனாமி வந்து நான்கு வருடம் ஆகியிருக்கும். சிதம்பரத்தில் கல்லூரி வாத்தியார் ஒருவர், தேவனாம்பட்டினம் கரையில் ஒரு படம் எடுத்தார். கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்தவள் அதே கரையில் மீன் விற்கிறவள். நன்றாக நடித்திருந்தாள். ஆனால் அலைச் சத்தம் எல்லாருடைய பேச்சையும் முழுங்கிவிட்டிருந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே வசனத்தை மறுபடி பேசிச் சேர்த்தாக வேண்டும். அதற்குத்தான் என் அறைக்கு வந்தார்கள்.

கம்ப்யூட்டரில் உட்கார்வது என் மருமகன். ஒரு வசனத்தை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிடுவார். காதில் மாட்டிய ஹெட்போனில் மூன்று முறை 'பீப்' கேட்கும். நாலாவதில் பேச வேண்டும். அவளும் பேசினாள். திரையில் வாயை அகலத் திறந்து படகுக்காரனைக் கூப்பிடுகிறாள். அறையில் வந்த குரலோ ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் பேசுவது போல இருந்தது. வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

"அக்கா, கத்திப் பேசுங்க" என்றார் வாத்தியார்.

"யாருகிட்ட சார் கத்துறது? ஒரு சத்தம் உண்டா இங்க? எழவு வூட்டுலகூட நாலு பேரு பேசிகினு இருப்பாங்க."

நான் பாடுபட்டுக் கட்டிய அமைதியை எழவு வீட்டுக்குக் கீழே இறக்கிவிட்டாள்.

மத்தியானம் ஆனது. "மெட்ராஸ்ல ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க ஐயா, அவுங்கள வச்சு முடிச்சிடறேன்" என்று வாத்தியார் என்னிடம் மெதுவாகச் சொன்னார். உள்ளே இருப்பவரோடு பேசும் பட்டன் அமுக்கியபடியே இருந்ததால் அது உள்ளே அவள் காதுக்கும் போய்விட்டது.

"என் மூஞ்சில எவளோ பேசுவாளா?" என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "வாய் உன்னுது, பேச்சு யாருதுன்னு கரையில கேப்பாளுங்க. அப்புறம் நான் எப்படி கூடையத் தூக்கிகினு அங்க போவேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெனரேட்டர் ஓடும்போது மனிதன் தன்னை அறியாமல் கத்துவான். அது நின்றதும் தன் சத்தத்தைத் தானே கேட்டுக் கூச்சப்படுவான். எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ, நான் கல்யாண வீடுகளில் பார்த்தது.

"மாப்ள, அந்தம்மா காதுல இன்னா ஓடுது?"

"ஷூட்டிங்ல அவுங்க பேசினதுதான் மாமா. கடல் சத்தத்த முடிஞ்ச வரைக்கும் கொறச்சுக் குடுத்திருக்கேன்."

"உன்ன எவன் கொறைக்கச் சொன்னது? கடலோட போடு. ஜாஸ்தியாவே வை."

"மைக்ல ஏறிடும் மாமா."

"ஏறாது, நான் பாத்துக்கறேன்."

உள்ளே போய், என் தோள் துண்டை எடுத்து சத்தம் வெளியே கசியாதபடி ஹெட்போனோடு சேர்த்து அவள் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"இன்னா மாமா, எனக்குப் பரிவட்டமா?"

"பேசு, அப்புறம் கட்டறேன் பரிவட்டம்."

மூன்று 'பீப்' போனது. அவள் காலை அகட்டி நின்றாள். கை தானாக வாயோரம் போனது. "டேய், இழுங்கடா! சோறு தின்னல?" என்றாள் பாருங்கள், மருமகன் பதறிப்போய் மைக் அளவைக் குறைத்தார். உதடும் குரலும் ஒட்டிக்கொண்டன. பொழுது சாய்வதற்குள் மிச்சத்தையெல்லாம் அவளே பேசி முடித்தாள். சென்னைக்கு யாரும் போகவில்லை.

சிதம்பரத்தில் படம் போட்டபோது கரையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் வசனத்துக்கே, "அடியே, உன் தொண்டைதான்டி!" என்று அந்த வரிசை முழுக்கக் கூவியது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் ஓடிய பெயர்களை நான் நின்றே படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்தான், என் பெயர் எனக்குத் தெரியாதா? ஒலிப்பதிவு என்று மருமகன் பெயர். நன்றி என்ற வரிசையில் என் ஸ்டுடியோ பெயர்.

"அதுல நீங்களும் அடக்கம்தானே ஐயா" என்றார் வாத்தியார்.

"கட்டடமா தம்பி அவள பேச வச்சுது?" என்று கேட்டேன்.

மருமகன் பெயரை எடுக்க வேண்டாம், அவர் உழைப்பு அவருக்கு. அந்தப் படத்தை இனி எங்கே போட்டாலும், அவர் பெயருக்கு மேலே தனியாக ஒரு வரி வேண்டும்: மீன்காரம்மாவை அவள் குரலிலேயே பேச வைத்தவர் என்று. பக்கத்தில் என் பெயரை இனிஷியலோடு முழுசாகப் போட வேண்டும்.